உப்புக்கொட்டாய்க்கு ஒன்று விட்டு ஒரு வண்டி

எங்கள் நகரத்துக்குச் சுரங்க ரயில் வந்து பதினோரு வருடம் ஆகிறது. அது மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று திறப்பு விழாவில் மைக் வைத்துச் சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து இன்றுவரை எழுபத்து மூன்றைத் தாண்டியதில்லை என்று கையில் கடிகாரத்தோடு அலைந்து கண்டுபிடித்தவர்கள் இந்த நகரத்தில் மொத்தம் நான்கு பேர், அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

சுரங்க ரயில் நேசர் மன்றம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தேங்காய் மண்டி நிலையத்தில், இரண்டாவது நடைமேடையின் கடைசி பெஞ்சில் கூடுவோம். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால்தான் வண்டி பிரேக் பிடிப்பது முதுகெலும்பில் தெரியும் என்பது தாமோதரசாமியின் கண்டுபிடிப்பு. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம் என்பதால், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நால்வரும் எழுந்து வெளியே போய், மறுபடி டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, விட்ட வாக்கியத்தின் நடுவிலிருந்து சண்டையைத் தொடருவோம். காவலுக்கு நிற்கும் அம்மா முதல் இரண்டு வருடம் எங்களைச் சந்தேகப்பட்டார், அப்புறம் பரிதாபப்பட்டார்.

தாமோதரசாமிக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, உயிர் மட்டும் வேகத்தில். எந்த இரண்டு நிலையத்துக்கு நடுவில் எத்தனை வினாடி, எந்த வளைவில் வண்டி எத்தனைக்கு இறங்குகிறது, ஏன் இறங்குகிறது, இறங்காமல் இருக்க என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்காமலேயே சொல்லுவார், கேட்டுவிட்டாலோ அன்று வீட்டுக்குப் போகும் எண்ணத்தை மறந்துவிட வேண்டும். பெனடிக்டா டீச்சர் மாநகராட்சிப் பள்ளியில் புவியியல் எடுப்பவர், நகரத்தின் மேடு பள்ளமெல்லாம் அவர் விரல் நுனியில். யாகூப் பாய் தையற்காரர். நான் செயலாளர், அதாவது மினிட்ஸ் நோட்டு என் பையில் இருக்கும், என் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்களிடம் ஒரு துணி இருந்தது. பத்தடிக் கோராத் துணியில் டீச்சர் நகரம் முழுவதையும் பென்சிலால் வரைய, துறைமுகத்திலிருந்து விமான நிலையம் வரை ஓடும் ரயில் பாதையை பாய் நீல நூலால் தைத்திருந்தார். ஞாயிறுதோறும் அதை நடைமேடையில் விரித்து, வண்டி இப்படிப் போயிருக்கலாமே, அப்படித் திரும்பியிருக்கலாமே என்று தையல் சாக்கட்டியால் கோடு போடுவோம். வளைவு வந்தால் பாய் ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வெட்டும் ஸ்கேலை எடுத்து வைப்பார், அந்த ஸ்கேல் போடுகிற வளைவுக்கு மேல் கச்சிதமான வளைவு எந்த எஞ்சினியருக்கும் வராது என்பது அவர் கட்சி. மன்றத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: சாக்கட்டியால் யாரும் எதையும் போடலாம், நால்வரும் ஒத்துக்கொண்டால் மட்டும் சிவப்பு நூலால் தைக்க வேண்டும். பதினோரு வருடத்தில் சிவப்பு நூல்கண்டு பிரிக்கப்படவே இல்லை. தாமோதரசாமி ஒவ்வொரு கோட்டிலும் பத்து வினாடியாவது வீணாகிறது என்று கண்டுபிடித்துத் தலையாட்டுவார், நாங்கள் துணியை உதறி மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம், சாக்கட்டித் தூள் எல்லாம் தும்மலாகப் போய்விடும்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, மின்சாரம் போய் வண்டிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றன. நேரம் பார்க்க வண்டி இல்லாததால் தாமோதரசாமி கை உடைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: பீங்கான் சாலை நிலையத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு வண்டியைக் கிழக்கே திருப்பி உப்புக்கொட்டாய்க்கு விட்டால் என்ன? உப்பளத்தை ஒட்டி இருபதாயிரம் பேர் இருக்கிற இடம், பஸ்ஸைத் தவிர நாதியில்லை. கோடு போட்டார். நேர்க்கோடு. தாமோதரசாமி குனிந்து பார்த்தார், வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் முகம் சுருங்கிற்று. கோடு கனகாம்பரம் நகர் முதல் குறுக்குத் தெருவுக்கு அடியில் போனது, அந்தத் தெருவில்தான் பன்னிரண்டு வருடம் கல் கல்லாகக் கட்டி முடித்த அவருடைய வீடு இருந்தது.

"மண்ணு சரியில்ல டீச்சர் அங்க," என்றார்.

டீச்சருக்கு அந்த மண்ணும் தெரியும், இந்த மனுஷனும் தெரியும். பாயைப் பார்த்தார். பாய் கைக்குழி ஸ்கேலை வைத்து, கனகாம்பரம் நகரைத் தொடாமல் ஒரு பெரிய வளைவு போட்டார். தாமோதரசாமி தலையாட்டினார், முதல்முறையாக மேலும் கீழுமாக. நான் மினிட்ஸ் நோட்டில் 'வளைவுக்குக் காரணம்: மண்ணின் தன்மை' என்று எழுதினேன். மின்சாரம் வருவதற்குள் பாய் சிவப்பு நூலைப் பிரித்துத் தைத்து முடித்து, முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை வண்டி பீங்கான் சாலையில் கிழக்கே திரும்பியது.

யாரும் கத்தவில்லை. அறிவிப்புச் சொல்லும் பெண் குரல், பிறந்ததிலிருந்து அதையே சொல்லி வந்ததுபோல, அடுத்த நிலையம் உப்புக்கொட்டாய், இடதுபுறக் கதவுகள் திறக்கும் என்றது. பெட்டியில் இருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கி, வெளியே இருட்டாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மறுபடி குனிந்தார்கள். விமானம் பிடிக்க வேண்டிய ஒருவர் மட்டும் பெட்டியோடு எழுந்து, "என்னங்க இது, எங்க போவுது?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர், "நீங்க பீங்கான் சாலையில எறங்கி அடுத்த வண்டில மாறியிருக்கணும் சார், ஒண்ணு விட்டு ஒண்ணுதான் ஏர்போர்ட்டு," என்று பழக்கப்பட்டவர்போல் பதில் சொன்னார். பதினோரு நிமிடத்தில் வண்டி நின்றது. வெள்ளை ஓடு பதித்த நடைமேடை, நகரும் படிக்கட்டு, ஒரு தூணில் ஏற்கனவே வெற்றிலைக் கறை. மேலே ஏறிப்போனால் உப்பு வாடையோடு வெயில்.

ஊர் இதை ஜீரணித்துக்கொண்ட வேகம்தான் என் கணக்கில் அந்த ரயிலின் வேகத்தை விடப் பெரிது. செவ்வாய்க்கிழமை படிக்கட்டு வாசலில் பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்தார், புதன்கிழமை ஷேர் ஆட்டோக்காரர்கள் சங்கப் பலகை நட்டார்கள், வியாழக்கிழமை பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை, வெள்ளிக்கிழமை படிக்கட்டுக்கு அடியில் ஒரு பிள்ளையார். நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்தவர்களுக்கு, பயப்படாதவர்கள் மேலே நின்று கைகாட்டி வகுப்பு எடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் வந்த கல்யாணப் பத்திரிகைகளில், 'உப்புக்கொட்டாய் ரயில் நிலையம் அருகில்' என்று மண்டபத்துக்கு வழி போட்டிருந்தது. ரயில் நிர்வாகத்துக்கு ஒருவர் எழுதிக் கேட்டதற்கு, எங்கள் கோப்பில் இல்லாத நிலையத்தைப் பற்றிய மனுவை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாததால் திருப்பி அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. ஆனால் அடுத்த வாரமே ஆள் வந்து, எச்சில் துப்பாதீர் பலகை மாட்டிவிட்டுப் போனார்.

துணியின் சங்கதி எப்படி வெளியே போனது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சைச் சுற்றி நாற்பது பேர். எங்க ஏரியாவுல ஒரு ஸ்டாப்பு போட்டுக்குடுங்க. பதினோரு வருடம் வீட்டில் உள்ளவர்கள்கூடக் காதுகொடுக்காத எங்களுக்கு மரியாதை தாங்க முடியவில்லை. டீச்சருக்கு நாற்காலி வந்தது, பாய்க்கு இஞ்சி டீ வந்தது, எனக்கு ஒருவர் பேனாவே வாங்கித் தந்தார்.

தாமோதரசாமி மசியமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஒரு நிலையத்துக்கு ஐம்பத்தைந்து வினாடி போகும், வேகம் குறைய, கதவு திறக்க, மூட, மறுபடி வேகம் பிடிக்க, என்று அவர் ஆரம்பித்தார். மீன் சந்தையிலிருந்து வந்த அம்சவேணி அக்கா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, பிரேக்கின் விஞ்ஞானத்தை நாற்பது நிமிடம் கொட்டாவி விடாமல் கேட்டார். கேட்டு முடித்து, "அப்புறம் சார்?" என்றார். அவ்வளவுதான், மீன் சந்தைக்கு ஒரு நிலையம் கிடைத்தது. விஷயம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு மனுவோடு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதற்கு ஒரு பொறுமைசாலியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாதா கோயிலுக்கு ஒன்று, பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒன்று, தீப்பெட்டிக் காலனிக்கு ஒன்று. ஐந்தாவது தபால் பெட்டி முக்கு. அது யார் கேட்டது என்றால், அந்த முக்கில் நான் குடியிருக்கிறேன். பாய் ஒவ்வொரு நிலையத்துக்கும் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டார், மறுநாள் அங்கே வண்டி நின்றது, ஜனங்கள் ஏறி இறங்கினார்கள், பதினோரு வருடம் ஒருவர் சொன்னதை ஒருவர் ஒத்துக்கொள்ளாத மன்றம் ஆவணி பிறப்பதற்குள் ஐந்து தடவை கைதூக்கிவிட்டது.

இதற்கு நடுவில் தாமோதரசாமி ஒரு சந்தோஷச் செய்தியோடு வந்தார். அவர் ஆபீஸ் பீங்கான் சாலையில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், பன்னிரண்டு இருபத்து மூன்று வண்டியில் உப்புக்கொட்டாய் வரை போய்த் திரும்புவது அவர் வழக்கம். அந்த வண்டியில் தினமும் ஒரு பெண் வருகிறாளாம், பிஸ்கட் கம்பெனி யூனிபார்ம். உட்கார்வதே இல்லை, கதவை ஒட்டி நிற்கிறாள். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நின்றதும் அவள் உதடு அசைகிறது, எண்ணுகிறாள், கதவு மூடியதும் எண்ணுவதை நிறுத்துகிறாள். கடைசி நிலையத்தில் கதவு பாதி திறக்கும்போதே இறங்கி ஓடுகிறாள்.

"நம்ம ஆளுங்க அது," என்றார், கண்ணில் தண்ணீர் வராத குறையாக. "வினாடி வினாடியா எண்றா. இந்த ஊர்ல இப்படி ஒருத்தி இருக்கான்னு நமக்குத் தெரியாம போச்சே. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். மெம்பராக்கிடலாம்."

அவள் வந்தாள். வினோதினி என்று பெயர், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கூடவே புருஷன் பூபாலன், அவன் தோளில் ஏழு மாதக் குழந்தை. புது உறுப்பினருக்காக டீச்சர் மிக்சர் வாங்கி வைத்திருந்தார். நான் மினிட்ஸ் நோட்டில் அவள் பெயருக்குக் கோடு போட்டு இடம் விட்டிருந்தேன்.

"இந்தாம்மா, சொல்லு," என்றார் தாமோதரசாமி, பரீட்சை வைக்கிறவரின் ஆசையோடு. "மீன் சந்தையில எவ்ளோ நிக்குது?"

"நிக்கிறது முப்பது சார். மெதுவாவறது, கெளம்புறது எல்லாம் சேத்தா அம்பத்தஞ்சு."

"ஆஸ்பத்திரி?"

"அம்பத்தெட்டு. புள்ளத்தாச்சிங்க ஏறணும்ல."

"பாத்தீங்களா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "மூணு வினாடி வித்தியாசம். நானே விட்டுட்டேன். எந்த வாட்ச் வச்சிருக்கம்மா?"

"வாட்ச்சுலாம் இல்ல சார். மார்ல பால் கட்டிக்கும்ல, அது சொல்லிடும்."

மிக்சர் தட்டை நீட்டிய டீச்சர் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டார். வினோதினி எங்களைப் பார்த்தாள், நாங்கள் அவளைப் பார்த்தோம். நாங்கள் ரயில் ஆபீசர்கள், புகார் வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று அவள் நினைத்து வந்திருக்கிறாள். வாரக்கணக்காக மனசில் எழுதி வைத்திருந்த மனுவை அவள் நின்றபடியே சொன்னாள்.

பிரசவ லீவு முடிந்து சித்திரையில் வேலைக்குத் திரும்பினாள். பூபாலனுக்கு உப்புக் கிடங்கில் இரவுக் காவல், பகலில் குழந்தை அவனிடம். பீங்கான் சாலைக் கம்பெனிக்கும் உப்புக்கொட்டாய் வீட்டுக்கும் இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு மணி பத்து நிமிடம். மத்தியானம் வலி தாங்காமல் கம்பெனிக் கழிவறையில் போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவாள். குழந்தை வீட்டில் புட்டியைத் துப்பிவிட்டு அழும். அப்படி இரண்டு வாரம். அப்புறம் ஒரு திங்கட்கிழமை ரயில் வந்தது. இடைவேளை பன்னிரண்டு இருபதிலிருந்து ஒரு மணி வரை. கேட்டிலிருந்து நடைமேடைக்கு மூன்று நிமிடம், வண்டியில் பதினொன்று, பூபாலன் குழந்தையோடு உப்புக்கொட்டாய் நடைமேடையில் நிற்பான். திரும்பவும் பதினொன்று, மூன்று. நடுவில் முழுசாகப் பன்னிரண்டு நிமிடம் அவளுக்கும் குழந்தைக்கும்.

"எந்தச் சாமி விட்ட வண்டியோன்னு கும்பிட்டேன் சார். நல்லா ஏழு நிமிஷம் குடிப்பா. அப்புறம் தோள்ல போட்டு ஏப்பம் வுட்டுட்டு, மூஞ்சிய பாத்துக்கினு இருப்பேன். அப்பறம் மீன் சந்தை வந்துச்சி. போவ அம்பத்தஞ்சு, வர அம்பத்தஞ்சு, ரெண்டு நிமிஷம் போச்சி. சரின்னு பாத்தா மாதா கோயிலு. ஒவ்வொண்ணா வந்துச்சி சார். இப்ப ரெண்டே முக்கா நிமிஷந்தான் இருக்குது. ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனா அரை நாள் லீவு போட்டுடுவாங்க. வாயில வெச்சி அவ சப்ப ஆரம்பிச்சி பால் எறங்குற நேரம், நான் புடுங்கிடறேன். வாய்லேர்ந்து புடுங்கிக் குடுத்துட்டு ஓடறேன். கத்துறது படிக்கட்டு வரைக்கும் கேக்குது."

பூபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, தூக்கத்திலும் அதன் வாய் சப்பிக்கொண்டே இருந்தது.

தாமோதரசாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் முகத்தை வைத்துக்கொள்ளவே இடமில்லாமல் இருந்தது, ஐந்தாவது நிலையத்தில் நான் வாசற்படியிலிருந்து எழுபது அடி நடந்து வண்டி ஏறிக்கொண்டிருந்தேன்.

யாகூப் பாய்தான் முதலில் பேசினார். தையல் பிரிக்கிற கத்தியைப் பையிலிருந்து எடுத்து, "முடிச்சத்தானே போட்டோம், பிரிச்சிட்டாப் போச்சு. சொல்லும்மா, எதெதைப் பிரிக்கணும்?" என்றார்.

மனுக்காரர்கள் கூட்டமும் அங்கேதான் நின்றது. அந்த அரை மணி நேரத்தில் எங்கள் ஊரின் தாராள மனசு முழுவதும் வெளியே வந்தது. தீப்பெட்டிக் காலனிக்காரர் மாதா கோயிலை எடுக்கலாம், வாரத்தில் ஒருநாள்தானே பூசை என்றார். மாதா கோயில்காரர், காலனியில் எல்லாரிடமும் பைக் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியைத் தொட யாருக்கும் வாய் வரவில்லை. என் நிலையத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மினிட்ஸ் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். அம்சவேணி அக்கா மட்டும், "இன்னாத்துக்கு வாய்ச்சண்டை, எங்களுத எடுத்துடு பாய், நாங்க கூடைய தூக்கி நடந்து பயக்கப்பட்டவங்க," என்றார்.

"வாணாங்க்கா," என்றாள் வினோதினி. "அந்த வண்டில நீங்களும் நானும் ஒண்ணாத்தானே வர்றோம். அன்னிக்கு நான் ஓடி வரச்சொல்ல கதவு மூடாம கால் வெச்சிப் புடிச்சிக்கினது நீங்கதானே. உங்கள நடக்க வுட்டுட்டு நான் மட்டும் எப்படி உக்காந்து பால் குடுப்பேன்?"

ஒரு வண்டி வந்து நின்று போனது, அதற்கு யாரும் நேரம் பார்க்கவில்லை. டீச்சர் விரித்துக் கிடந்த துணியைப் பார்த்தார். பீங்கான் சாலையிலிருந்து உப்புக்கொட்டாய் வரைக்கும் போன சிவப்பு நூல், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கெட்டின் கைக்குழிபோல் வளைந்து கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பாயும் பார்த்தார், திருப்பிக்கொண்டார். நானும். மூன்று பேர் இத்தனை மரியாதையாக ஒரு இடத்தைப் பார்க்காமல் இருந்தால், நாலாவது ஆளுக்குத் தெரியாமலா போகும்?

"அந்த வளைவுல வண்டி முப்பத்திரண்டுக்கு எறங்குது," என்றார் தாமோதரசாமி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஊரைச் சுத்திக்கிட்டு வேற போவுது. நேராப் போனா ரெண்டு நிமிஷம் இருபது வினாடி மிச்சம். போக ரெண்டு இருபது, வர ரெண்டு இருபது. நாலு நிமிஷம் நாப்பது."

"மண்ணு சரியில்லையே சாமி சார்," என்றார் பாய், மெதுவாக.

"மண்ணெல்லாம் நல்ல மண்ணுதான் பாய். நான்தான் சரியில்ல."

பதினோரு வருடமாக எங்கள் கோடுகளில் பத்துப் பத்து வினாடியாகக் கண்டுபிடித்த மனிதர், நூற்று நாற்பது வினாடியை நான்கு மாதமாகத் தன் வீட்டுச் சுவருக்காக முழுங்கிக்கொண்டு, அதே வண்டியில் தினமும் போய் அதே வளைவில் நேரம் பார்த்து வந்திருக்கிறார். நான் மனசுக்குள் அவரை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், அன்றைக்கு முடியவில்லை. அவர் சாக்கட்டியை எடுத்து, தரையில் மண்டியிட்டு, கனகாம்பரம் நகர் முதல் குறுக்குத் தெருவின் நடுவில், டீச்சர் பென்சிலால் போட்டிருந்த கட்டத்தின் மேலேயே நேராக ஒரு கோடு போட்டார். ஸ்கேல் இல்லாமல் போட்டும் அது வளையவில்லை.

"சுலோச்சனா கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றார் டீச்சர். சுலோச்சனா தாமோதரசாமியின் மனைவி. அந்த வீட்டின் ஒவ்வொரு அலமாரிக்கும் நின்று அளவு சொன்னவர்.

"கேட்டா வேணாம்னுவா. தைங்க பாய்."

நால்வரும் கை தூக்கினோம். பாய் வளைவைப் பிரித்தபோது துணியில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. நேர்க்கோட்டைத் தைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 'மண்ணின் தன்மை' என்ற வரியை நான் அடித்துவிட்டு, மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் தேதியை மட்டும் போட்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி நேராகப் போயிற்று. சுலோச்சனா அம்மாவின் அடுக்களையில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டன, எட்டு மணிக்குள் ஹாலின் தெற்குச் சுவரில் மேலிருந்து கீழாக விரல் நுழையும் விரிசல். அந்த அம்மா இடுப்பில் கை வைத்து விரிசலைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், அவர் வினோதினியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார், நடுவில் பிரேக்கின் விஞ்ஞானம் எதுவும் கலக்காமல். அந்த அம்மா கேட்டுவிட்டு, "இதுக்கு நாலு மாசமா, மனுஷா?" என்றாராம். ஒரு ஆணி அடித்து விரிசலின் மேல் காலண்டரை மாட்டினார். அப்புறமும் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அன்று மத்தியானம் பன்னிரண்டு இருபத்து மூன்று வண்டியில் நாங்கள் நால்வரும் ஏறினோம், நான் ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தேன். வினோதினி கதவை ஒட்டி நின்று எண்ணினாள். மீன் சந்தையில் நின்றது, மாதா கோயிலில் நின்றது, ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பிடித்தபடி இரண்டு பேர் ஏற அம்சவேணி அக்கா கை கொடுத்தார். கனகாம்பரம் நகருக்கு அடியில் வண்டி வேகம் குறையவே இல்லை, பெட்டிக் கம்பி விம் என்று அதிர்ந்தது, தாமோதரசாமி கண்ணை மூடிக்கொண்டார். காலனி, தபால் பெட்டி முக்கு, அப்புறம் உப்புக்கொட்டாய். பன்னிரண்டு முப்பத்தாறு, பதினைந்து வினாடி. திரும்பும் நேரம் பன்னிரண்டு நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து வினாடி. நடுவில் ஏழரை நிமிடம்.

அவள் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். பூபாலன் அவள் பக்கத்தில் முதுகைத் திருப்பி நின்றான். நாங்கள் தூரத்தில், வேறெங்கோ போகிறவர்கள்போல் நின்றோம். தாமோதரசாமி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நிமிடம் ஆக ஆக வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. முந்தின வாரம்வரை பிடுங்கிய நேரம் வந்தது, ரெண்டே முக்கால். அழுகை வரவில்லை. குழந்தைக்கும் பழக்கம் போலிருக்கிறது, அந்த நேரத்துக்கு அதன் கை பதறி அவள் சட்டையை இறுக்கிப் பிடித்தது, பூபாலன் அப்புறம் சொன்னான். யாரும் பிடுங்கவில்லை என்று தெரிந்ததும் பிடி தளர்ந்ததாம். நாலு. அஞ்சு. ஆறு. ஆறு நிமிடம் ஐம்பது வினாடியில் குழந்தை தானாக வாயை எடுத்துவிட்டு, ஒரு சொட்டு உதட்டோரம் வழிய, தூங்கிப்போயிற்று.

வண்டி புறப்பட இன்னும் நாற்பது வினாடி இருந்தது. வினோதினி எழுந்திருக்கவில்லை. ஓடுவதற்குத் தயாராக முன்னால் வைத்திருந்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அந்த நாற்பது வினாடியும் எதையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தாள்.